மலையக ஆய்வுகளும் கலைக்களஞ்சிய மேற்கோள்களும்

கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்றின் நம்பகத்தன்மை, அது சுட்டும் மேற்கோள்களிலே தங்கியுள்ளது. இணையக் கலைக்களஞ்சியங்கள் பெருகியதன் பின்னர், எந்த ஆய்வு எங்கெங்கு எடுத்தாளப்பட்டுள்ளது எனத் தேடிக் கணக்கிடுதலும் ஒரு தொழிலாகிவிட்டது. 2000ஆம் ஆண்டு முதல் ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கு நிலையான இலக்கமுறை அடையாள எண்கள் வழங்கப்படுகின்றன. 2011இல் தோன்றிய அல்ட்மெற்றிக் போன்ற நிறுவனங்கள் பெரும்பாலும் இத்தகைய எண்களைக் கொண்டே மேற்கோள்களைக் கண்டறிகின்றன. எண் இல்லாத நூல் எத்துணை பயன்பட்டிருப்பினும் கணக்கில் ஏறுவது அரிது. தோட்டத்துச் செக்ரோலை அறிந்தோர்க்கு இது புதிதன்று. அதிலே பதியப்படாத உழைப்புக்கு முழுப் பேருமில்லை, அரைப் பேருமில்லை.

மலையக வரலாற்றுக்கு இதனால் நேரும் இழப்பினைக் கோ. நடேசய்யர் பற்றிய ஆய்வுகளைக் கொண்டு அறியலாம். தஞ்சையிலிருந்து வந்த பத்திரிகையாளரான அவர், 1931இல் அட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். குமாரி ஜயவர்த்தனா இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் எழுச்சி குறித்து எழுதிய ஆங்கில நூலை 1972இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. அதன் தகுதி ஐயத்திற்கு அப்பாற்பட்டது. உலகின் பெரிய நூலகப் பட்டியல்கள் அதனை எளிதிற் காட்டும்.

சாரல்நாடன் பல்கலைக்கழக ஆசிரியர் அல்லர். அவர் 1988இல் வெளியிட்ட ‘தேசபக்தர் கோ. நடேசய்யர்’ என்னும் நூலோ தமிழில் அமைந்தது. நடேசய்யரின் பத்திரிகைப் பணியையும், பாட்டுக்களாற் தொழிலாளரைத் திரட்டிய அவர் மனைவி மீனாட்சியம்மாளின் பணியையும் அறிய விரும்புவோர் சாரல்நாடனிடமே செல்லவேண்டியுள்ளது. தொழிலாளர் கேட்டதும் பாடியதும் தமிழிலேயாகையால், அத்தமிழ்ச் சான்றுகளைத் துருவிய ஆய்வினைத் துணைநூல் என ஒதுக்குதல் முறையாகாது. ஆயினும் மேற்கோள் எண்ணிக்கையை அளவுகோலாகக் கொள்ளும் ஒருவர் அவ்வாறே ஒதுக்கிவிடக்கூடும். அடுத்து எழுதுவோரும் அவ்வெண்ணிக்கையையே நம்பினால், முன்னரே பெயர் பெற்ற நூல் மேலும் பெயர் பெறும்.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இக்குறையை ஓரளவு நீக்க இடமுண்டு. நூலின் பெயர், ஆண்டு, பக்கம் ஆகியவற்றைத் தமிழிலேயே அங்கு குறிக்கலாம். 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகமும் ஈழத்து நூல்களைப் படிமமாக்கி, ஒவ்வொன்றுக்கும் தன் நூலக எண்ணை வழங்குகின்றது. உலகளாவிய கணக்கெடுப்பாளர் தேடுவது அவ்வெண்ணையன்று. தேடும்படி கேட்கவேண்டியோர் அந்நூல்களைப் பயன்படுத்தி ஆய்வேடு எழுதும் மாணவரும் விரிவுரையாளருமே.