பன்னாட்டுப் பானத் தொழில்நுட்பவியலாளர் சங்கம்

பன்னாட்டுப் பானத் தொழில்நுட்பவியலாளர் சங்கம் (சுருக்கமாக ஐ.எஸ்.பி.டி) என்பது பானத் தொழிலில் பணியாற்றும் வேதியியலாளர்கள், நுண்ணுயிரியலாளர்கள், பொறியாளர்கள் முதலியோரைக் கொண்ட இலாப நோக்கற்ற தொழில்முறைச் சங்கமாகும். இது 1953 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் மென்பானத் தொழில்நுட்பவியலாளர் சங்கம் என்னும் பெயரில் தொடங்கப்பட்டது. பிற பானங்களையும் பிற நாட்டவரையும் உள்ளடக்கும் பொருட்டுப் பின்னர் இப்பெயரைப் பெற்றது. இதன் வழிகாட்டிகளுள் பரவலாக அறியப்பட்டது, பானங்களில் சேர்க்கப்படும் கரியமில வாயுவின் (கார்பன் டைஆக்சைடு) தரம் பற்றியதாகும்.

செயற்படும் முறை

சங்கத்தின் தொழில்நுட்பப் பணிகள் குழுக்கள் வழியாக நடைபெறுகின்றன. குழு உறுப்பினர்கள் தன்னார்வலர்கள். தத்தம் நிறுவனங்களில் வேலை செய்துகொண்டே இப்பணியை ஆற்றுகின்றனர். சந்தையில் போட்டியிடும் பான நிறுவனங்களின் வல்லுநர்களும், அவர்களுக்கு வாயு வழங்குவோரும், பகுப்பாய்வுக் கூடத்தினரும் ஒரே குழுவில் அமர்வது இதன் சிறப்பாகும். மாசுற்ற ஒரே மூலத்திலிருந்து பல நிறுவனங்கள் வாயு பெறக்கூடும் என்பதால், பாதுகாப்பு அனைவருக்கும் பொதுவான சிக்கலாகிறது.

கரியமில வாயுவும் மாசுகளும்

பானங்களுக்கான கரியமில வாயு பெரும்பாலும் வேறொரு தொழிலின் துணைவிளைபொருளாகும். அம்மோனியா ஆலைகள், எத்தனால் நொதித்தல் கூடங்கள், இயற்கை வாயு ஊற்றுகள் ஆகியன முக்கிய மூலங்கள். மூலத்திற்கேற்ப மாசுகளும் வேறுபடும். நொதித்தலில் அசிட்டால்டிகைடும் கந்தகச் சேர்மங்களும் தோன்றும். பாஸ்பேட்டுப் பாறையிலிருந்து பெறும் வாயுவில் பாஸ்பீன் இருக்கக்கூடும். ஆகவே வாயு 99.9 விழுக்காடு தூயது என்று கூறுவது மட்டும் போதாது, எஞ்சிய 0.1 விழுக்காட்டில் என்ன உள்ளது என்பதும் தெரிய வேண்டும்.

பின்னணி நிகழ்வுகள்

* 1990 ஆம் ஆண்டு பெரியர் கனிம நீரில் பென்சீன் கண்டறியப்பட்டது. ஊற்று வாயுவிலிருந்து பென்சீனை நீக்கும் வடிகட்டிகள் உரிய காலத்தில் மாற்றப்படாததே காரணம். ஏறத்தாழ 16 கோடிப் புட்டிகள் திரும்பப் பெறப்பட்டன.
* 1998 ஆம் ஆண்டு பிரித்தானியாவில் பானங்களுக்கான கரியமில வாயுவில் பென்சீன் கலந்தது. உடல்நலக் கேடு மிகச் சிறிதெனக் கருதப்பட்டபோதிலும் பானங்கள் திரும்பப் பெறப்பட்டன. இழப்புக்கு வாயுவை விற்ற நிறுவனமே பொறுப்பு என மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002 இல் தீர்ப்பளித்தது.
* 1999 ஆம் ஆண்டு சூனில் பெல்சியத்தில் கொக்கக் கோலா அருந்திய பள்ளி மாணவர்கள் பலர் நோயுற்றதாக முறையிட்டனர். அந்நாட்டு அரசு விற்பனையைத் தற்காலிகமாகத் தடை செய்தது. அண்ட்வெர்ப் ஆலையின் வாயுவில் கார்பனைல் சல்பைடு இருந்ததாக நிறுவனம் தெரிவித்தது. இது நீருடன் வினைபுரிந்து அழுகிய முட்டை நாற்றமுடைய ஐதரசன் சல்பைடைத் தரும். பாதிப்பின் பெரும்பகுதி அச்சத்தால் பரவியது என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து.

வழிகாட்டியின் உள்ளடக்கம்

சங்கத்தின் வழிகாட்டி ஒவ்வொரு மாசுக்கும் தனி வரம்பையும், அதனை அளக்கும் முறையையும் தருகிறது. அவற்றுட் சில:

* தூய்மை: குறைந்தது 99.9%
* ஈரம்: பத்து இலட்சத்தில் 20 பங்கு
* ஆக்சிசன்: பத்து இலட்சத்தில் 30 பங்கு
* கார்பன் மோனாக்சைடு: பத்து இலட்சத்தில் 10 பங்கு
* அசிட்டால்டிகைடு: பத்து இலட்சத்தில் 0.2 பங்கு
* மொத்தக் கந்தகம் (கந்தக டைஆக்சைடு நீங்கலாக): பத்து இலட்சத்தில் 0.1 பங்கு
* பென்சீன் முதலிய அரோமாட்டிக் ஐதரோகார்பன்கள்: நூறு கோடியில் 20 பங்கு

இறுதி வரம்பின் பொருளை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு லிட்டர் பானத்தில் ஏறத்தாழ 4 லிட்டர் வாயு கரைந்துள்ளது எனக் கொண்டால், வரம்பளவு பென்சீன் முழுவதும் பானத்தில் தங்கினும் அது லிட்டருக்குச் சுமார் 0.3 மைக்ரோகிராமே ஆகும். குடிநீருக்கு உலக நலவாழ்வு அமைப்பு குறித்த அளவு 10 மைக்ரோகிராம்.

கருவிச் சோதனையுடன் புலனுணர்வுச் சோதனையும் உண்டு. வாயுவை நீரில் செலுத்தி நிறம், கலங்கல், மணம், சுவை ஆகியன பார்க்கப்படுகின்றன.

சட்டநிலை

இவ்வழிகாட்டி சட்டமன்று, இதனை மீறுவோரைத் தண்டிக்கும் அதிகாரம் சங்கத்திற்கு இல்லை. பான நிறுவனம் தன் கொள்முதல் ஒப்பந்தத்தில் இதனைச் சேர்க்கும்போதே அது வாயு வழங்குவோரைக் கட்டுப்படுத்துகிறது. சேர்த்த பின்னரும், வரும் வாயுவைச் சோதிக்காது சான்றிதழை மட்டும் பெற்றுக்கொள்ளும் ஆலைக்கு இதனால் கிடைக்கும் பாதுகாப்பு குறைவே. சட்டத்தை விட விரைவாகத் திருத்தக்கூடியதாக இருப்பது தன்னார்வ நெறியின் வலிமை. ஏற்போரை மட்டுமே கட்டுப்படுத்துவது அதன் எல்லை.