காவிரிக்கரைக் கலாசாலையின் கீர்த்தி

பிள்ளையை எந்தக் கலாசாலையில் சேர்ப்பது என்ற யோசனை எழும் வீடுகளில், அங்கே போதிக்கிறவர்கள் யார் என்று கேட்பதற்கு முன்பே அதன் பெயர் எவ்வளவு பெரியது என்ற கேள்வி வந்து நின்றுவிடுகிறது. அந்தப் பெயருக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பதை அறிய விரும்புகிறவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்’ என்று பிரசித்தி பெற்றிருந்த கும்பகோணம் அரசாங்கக் கலாசாலையின் சரித்திரத்தைப் பார்ப்பது நலம்.

1854-ஆம் ஆண்டில் அது ஒரு பள்ளிக்கூடமாகவே தொடங்கிற்று. மூன்று வருஷங்களுக்குப் பின் தோன்றிய சென்னை ஸர்வகலாசாலை, லண்டன் ஸர்வகலாசாலையின் மாதிரியைப் பின்பற்றி, பாடஞ்சொல்லும் பொறுப்பைக் கலாசாலைகளிடமே விட்டுவிட்டு, பரீட்சை நடத்திப் பட்டமளிப்பதை மட்டும் தன் காரியமாக வைத்துக்கொண்டது. ஆகையால் சென்னையில் ராஜதானிக் கலாசாலையில் பயின்ற தனவந்தர் வீட்டுப் பிள்ளையும், காவிரிக்கரையில் பயின்ற ஏழைப் புரோகிதர் வீட்டுப் பிள்ளையும் ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதினார்கள். தேறியவர்கள் பெற்ற பட்டமும் ஒன்றேயாயிருந்தது. வலங்கைமானில் ஒரு வைதிகக் குடும்பத்தில் பிறந்த ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார், கும்பகோணத்திலேயே படித்துத் தேறி, பிற்காலத்தில் ஆங்கிலேயரும் வியக்கும் ஆங்கிலப் பேச்சாளராக விளங்கினார் என்றால், அந்தப் பொதுப் பரீட்சை செய்த உபகாரத்தை நாம் மறக்கலாகாது.

பட்டத்தில் வித்தியாசமில்லாதபோது கும்பகோணத்துக்கு மட்டும் தனிக் கீர்த்தி எங்கிருந்து வந்தது? கேம்பிரிட்ஜில் கணிதத்தில் ‘ராங்ளர்’ என்னும் சிறப்புப் பெற்று வந்து இக்கலாசாலைக்குத் தலைவராயிருந்த வில்லியம் ஆர்ச்சர் போர்ட்டரும், அவருடன் உழைத்துப் பிறகு தாமே தலைமை ஏற்ற கோபாலராவும் அதற்கு மூலகாரணர்கள். ஊரார் தங்கள் பொதுமண்டபத்துக்குப் போர்ட்டர் பெயரையும் நூல்நிலையத்துக்குக் கோபாலராவ் பெயரையும் இட்டு வழங்கினார்கள். ஜமீன்தார்களுக்கும் கலெக்டர்களுக்கும் உரித்தாகக் கருதப்பட்ட கௌரவத்தை ஓர் ஊர் தன் உபாத்தியாயர்களுக்கு அளித்ததை நினைக்குந்தோறும் எனக்கு அவ்வூரின்மேல் பக்தியே உண்டாகிறது.

கோபாலராவ் காலத்தில், 1880-இல், தமிழ்ப் பண்டிதர் தியாகராச செட்டியார் வேலையிலிருந்து விலகியபோது, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தம்மைப் போலவே பாடங்கேட்ட உ.வே. சாமிநாதையருக்கே அந்த ஸ்தானம் கிடைக்க வேண்டுமென்று அவர் முயன்று வெற்றி பெற்றார். ஐயரிடம் ஸர்வகலாசாலைப் பட்டம் எதுவும் கிடையாது. இலக்கணத்திலும் இலக்கியத்திலும் ஊறிய புலமையே அவருடைய யோக்கியதாபத்திரம். அதே வருஷத்தில் அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று அவரைக் கேட்டதும், அந்தக் கேள்வியின் பயனாக 1887-இல் அக்காவியம் அச்சேறியதும் தமிழுலகம் அறிந்த செய்தி.

பெயரைப் பார்ப்பதே பிழை என்று சொல்வதற்கில்லை. பெயர் பெற்ற இடத்தை நாடிக் கெட்டிக்கார வித்தியார்த்திகள் வருகிறார்கள். அவர்கள் ஒருவரோடொருவர் தர்க்கித்துக் கற்பது வகுப்பில் கற்பதற்குக் குறைந்ததன்று. ஆனால் கீர்த்தி என்பது ஆசிரியர்கள் பல காலம் உழைத்தபின் மெதுவாக வந்து சேர்ந்து, அவர்கள் நீங்கிய பின்பும் நெடுநாள் தங்கியிருப்பது. ஆதலால் இன்றைக்குக் காதில் விழும் புகழ் நேற்றைய ஆசிரியர்களுடையதா, இன்றையவர்களுடையதா என்று விசாரிப்பது அவசியம். 1903-இல் சாமிநாதையர் சென்னை ராஜதானிக் கலாசாலைக்கு மாற்றப்பட்டார். கும்பகோணத்தின் பெயர் மட்டும் முன்போலவே ஒலித்தது.

மறுவருஷம் அதே கலாசாலையில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்த ராமாநுஜன், கணிதத்தில் மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதனால் அச்சம்பளத்தை இழந்தார். பின்பு சென்னையில் பச்சையப்பன் கலாசாலையில் சேர்ந்து படித்தும் எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. ஏழைப் பிள்ளையைச் செல்வனுக்குச் சமமாக நிறுத்திய அதே பொதுப் பரீட்சை, எல்லாப் பாடத்திலும் தேறியாக வேண்டும் என்ற விதியினால், இவரை வெளியே நிறுத்திவிட்டது. ஆயினும் கும்பகோணத்தில் அவரை அறிந்திருந்த கணித ஆசிரியர் சேஷு ஐயர், தாம் சென்னை ராஜதானிக் கலாசாலைக்கு வந்த பின்பும் அவரை மறக்கவில்லை. பட்டமின்றி வேலை தேடித் திரிந்த ராமாநுஜன் 1910-இல் தம்மிடம் வந்தபோது, கணிதத்தில் பிரியமுள்ளவரும் நெல்லூர்க் கலெக்டருமான இராமச்சந்திர ராவுக்கு அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்தார். ராவ் தம் கையிலிருந்தே பணங்கொடுத்துச் சில காலம் அவரை ஆதரித்தார். கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு ராமாநுஜனின் கடிதம் போனது 1913-இல்; அவ்வருஷமே சென்னை ஸர்வகலாசாலை, தன் பரீட்சையில் தேறாத அந்த இளைஞருக்கு, மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் வழங்கிற்று.