தெய்வசித்தமும் நிலமும்: சிறுவர்க்கான வரலாற்று நூல்கள் பற்றிச் சில குறிப்புகள்

1

கற்பிட்டித் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் அமைந்துள்ள மீனவக் கிராமம் கண்டக்குழி. அதற்குத் தெற்கே தலவில புனித அன்னம்மாள் திருத்தலம். கிழக்கே புத்தளம் களப்பு. வடக்கே, கடல்வழியாகச் சென்றால், மன்னார். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள், மன்னார்த் தீவைச் சேர்ந்த பெருந்தொகையினர் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையையே வந்தடைந்தனர். அமெரிக்காவின் மேற்குநோக்கிய விரிவாக்கத்தைக் கிறித்தவ நோக்கிற் சிறுவர்க்குக் கற்பிக்கும் முறையினை ஆராயப் புகுந்த நாம், இக்கரையிலிருந்து தொடங்குவது வாசகர்க்கு வியப்பளிக்கலாம். ஆயினும் வெளியேற்றப்பட்டோர் வந்திறங்கிய நிலத்தில் நின்று நோக்கும்பொழுதே, வெளியேற்றங்களைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எதனைச் சொல்கிறோம் என்னும் வினா தன் முழுக் கனத்தையும் பெறுகின்றது.

2

வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் குடும்பங்களையும் திருச்சபை சார்ந்த பள்ளிகளையும் கருத்திற்கொண்டு, அமெரிக்காவிற் கிறித்தவ நோக்குடைய வரலாற்று நூல்கள் பல வெளிவந்துள்ளன. பீற்றர் மார்ஷல், டேவிட் மனுவேல் ஆகிய இருவரும் 1977இல் வெளியிட்ட, 'ஒளியும் மகிமையும்' எனப் பொருள்படும் தலைப்பினையுடைய நூலும் அதன் தொடர்ச்சிகளும் இவ்வகைக்குத் தக்க சான்றுகள். இவற்றுக்குச் சிறுவர் பதிப்புகளும் உண்டு. இரண்டாம் தொகுதி, குடியேற்றம் அப்பலாச்சிய மலைகளைத் தாண்டிப் பரவிய தொடக்க காலத்தை எடுத்துரைப்பது. இந்நாட்டுக்கென இறைவன் தனித்திட்டமொன்றை வகுத்திருந்தான் என்பதே இந்நூல்களின் ஆதாரக் கருத்தாகும்.

இக்கருத்துப் புதியதன்று. கண்டம் முழுவதிலும் பரவுதல் தமக்குத் தெய்வம் விதித்தது எனப் பத்திரிகையாளர் ஜோன் ஓசலிவன் 1845இலேயே எழுதினார். கிறித்தவர் அனைவரும் இதனை ஏற்றனர் என்று கொள்வதும் பிழையாகும். மார்க் நோல், நேதன் ஹட்ச், ஜோர்ஜ் மார்ஸ்டன் ஆகிய மூவரும் தாமே விசுவாசிகளாகவும் வரலாற்றாசிரியர்களாகவும் இருந்து, 1983இல் வெளியிட்ட நூலொன்றிற் கிறித்தவ அமெரிக்கா என்னும் இக்கருதுகோளை மறுத்தனர்.

நமது அக்கறை விசுவாசத்தின் மீதானதன்று, விளக்கமுறையின் மீதானது. 1793இற் பருத்தி கடையும் பொறி வந்தமை, 1803இல் லூயிசியானா வாங்கப்பட்டமை, நில ஊகவணிகம், அடிமை உழைப்பு முதலியவை விரிவாக்கத்தின் இயக்கு விசைகள். தெய்வசித்தம் காரணமாக நிறுத்தப்படும்பொழுது இவ்விசைகள் பின்னணிக் காட்சிகளாகச் சுருங்கிவிடுகின்றன. அநீதி ஒப்புக்கொள்ளப்படுமிடத்தும் அது தனிமனிதரின் அல்லது தேசத்தின் பாவமாகவே தோன்றும். பாவத்துக்கு மனந்திரும்புதல் என்னும் முடிவு உண்டு. சொத்துறவு ஒன்றுக்கோ அவ்வாறான முடிவு இல்லை. நிலம் யார் கையிலே தங்கிற்று என்னும் கேள்வி அப்படியே எஞ்சி நிற்கும்.

3

இவ்விளக்கமுறை பள்ளிப்பாடமாக மாறும் வகைக்கு மார்க்கஸ் விற்மன் பற்றிய கதை சிறந்த எடுத்துக்காட்டு. மருத்துவரும் மிஷனரியுமான விற்மன், 1836இல் ஓறகன் பகுதியிலே கயூஸ் மக்களிடையே நிலையமொன்றை நிறுவினார். 1842ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அவர் கண்டத்தைக் குதிரையிற் கடந்து வொஷிங்டனுக்கு விரைந்து, ஓறகன் பிரித்தானியர் கைக்குப் போகாது காத்தார் எனப் பிற்காலத்தில் ஒரு கதை எழுந்தது. அவருடைய சக மிஷனரி ஹென்றி ஸ்போல்டிங் அதனைப் பரப்பினார். பாடநூல்கள் அதனை ஏற்றன. யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வேட் போண் 1900ஆம் ஆண்டு டிசம்பரில் வாசித்து அடுத்த ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இக்கதைக்குச் சமகால ஆதாரம் இல்லை என்பதை நிறுவிற்று. விற்மன் புறப்பட்டமைக்கு முதற் காரணம் வேறு: அவரது நிலையத்தை மூடுமாறு பொஸ்ரனிலிருந்து சங்கம் பிறப்பித்த கட்டளையை மாற்றுவிப்பதே அது.

கதை விட்டுவிட்ட பகுதியே நமக்கு முக்கியமானது. விற்மன் 1843இல் திரும்பியபோது ஏறத்தாழ ஆயிரம் குடியேறிகள் கொண்ட பெருங் கூட்டத்தோடு சென்றார். 1847இல் அவ்வழியே பரவிய சின்னமுத்து நோய் கயூஸ் மக்களுட் பெரும் பகுதியினரைக் கொன்றது. அவ்வாண்டு நவம்பரில் விற்மன் தம்பதியரும் வேறு சிலரும் கொல்லப்பட்டனர். அதற்கென 1850இற் கயூஸ் மக்கள் ஐவர் தூக்கிலிடப்பட்டனர். வீரனின் பயணத்தை மட்டும் படிக்கும் பிள்ளைக்கு முடிவு விளங்காது. கொலை காட்டுமிராண்டித்தனமாகவும் மரணம் தியாகமாகவும் மட்டுமே எஞ்சும்.

4

விற்மனை அனுப்பிய அமெரிக்க மிஷன் சங்கம் ஈழத்துத் தமிழருக்குப் புதியதன்று. 1810இல் நிறுவப்பட்ட அச்சங்கத்தின் மிஷனரிமாரே 1816இல் யாழ்ப்பாணம் வந்து, 1823இல் வட்டுக்கோட்டை செமினரியையும் 1841இல் 'உதயதாரகை'யையும் தொடங்கியோர். யாழ்ப்பாணத்துக்கு வந்த மறு ஆண்டாகிய 1817இல், அதே சங்கம் செரோக்கியரிடையே பிறெய்னட் பள்ளியை நிறுவிற்று. பொஸ்ரனிலிருந்து நோக்குகையில் இவ்விரு களங்களும் ஒரே பணியின் இரு கிளைகள்.

ஒற்றுமைகள் ஆழமானவை. வட்டுக்கோட்டையிற் படித்த சதாசிவம்பிள்ளை ஆணல்ட் எனவும், விசுவநாதபிள்ளை கறோல் எனவும், சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் எனவும் அமெரிக்கப் பெயர் பெற்றனர். கலகினா என்னும் செரோக்கி இளைஞனும் அமெரிக்கப் பிரமுகர் ஒருவரின் பெயரை ஏற்று எலியாஸ் பூடினோ ஆனான். யாழ்ப்பாணத்திலே தமிழிலும் ஆங்கிலத்திலும் 'உதயதாரகை' வெளிவருவதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்னரே, 1828இல், பூடினோவை ஆசிரியராகக் கொண்டு 'செரோக்கி பீனிக்ஸ்' செரோக்கியிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. சிகுவோயா உருவாக்கிய எழுத்துகளுக்கு அச்சு வார்ப்பிப்பதில் மிஷனரி சாமுவேல் வூஸ்ரர் துணைநின்றார்.

இவ்வளவு ஒற்றுமைக்குப் பின்னும் முடிவுகள் வேறாயின. செரோக்கியரின் நிலம் பருத்திக்கு ஏற்றது; 1829அளவில் அங்கு பொன்னும் கண்டெடுக்கப்பட்டது. 1830இல் வெளியேற்றச் சட்டம் நிறைவேறிற்று. மிஷன் சங்கத்தின் செயலாளர் ஜெரமையா எவாட்ஸ் அதனைக் கடுமையாக எதிர்த்து எழுதியவர் என்பதும், வூஸ்ரர் ஜோர்ஜியாவின் சட்டத்துக்குப் பணிய மறுத்துச் சிறைபுகுந்தார் என்பதும் நேர்மையுடன் குறிப்பிடப்பட வேண்டியவை. 1832இல் உயர் நீதிமன்றம் வூஸ்ரருக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தது. தீர்ப்பு நடைமுறைக்கு வரவில்லை. விட்டுக்கொடுக்குமாறு சங்கமே ஆலோசனை கூற, வூஸ்ரர் 1833 ஜனவரியில் விடுதலையானார். 1835இல் நிலத்தைக் கையளித்த உடன்படிக்கையிற் பூடினோ உள்ளிட்ட சிறு குழுவினர் ஒப்பமிட்டனர்; 1839இல் அவர் தம் மக்களாலேயே கொல்லப்பட்டார். 1838-39இல் ஏறத்தாழ 16,000 பேர் ஆயுதமுனையில் மேற்கே துரத்தப்பட்டனர். அவர்களுள் 4,000 பேர் வரை மாண்டனர் என மதிப்பிடப்படுகிறது. செரோக்கிச் சமூகமும் வர்க்கமற்ற சமூகமாக இருக்கவில்லை. அதன் செல்வர் கறுப்பின அடிமைகளை வைத்திருந்தனர், அவ்வடிமைகளும் அதே வழியே நடத்திச் செல்லப்பட்டனர்.

யாழ்ப்பாணத்தின் பனங்காணிகளைக் கைப்பற்ற அமெரிக்கக் குடியேறிகள் எவரும் காத்திருக்கவில்லை. அங்கு ஆங்கிலக் கல்வி அரசாங்க உத்தியோகத்துக்கு வழியாயிற்று. வேளாள மேல்தட்டினர் அதனைத் தமதாக்கிக் கொண்டனர். செமினரி 1855இல் மூடப்பட்டமைக்கு இப்போக்கும் ஒரு காரணமாகும். சங்கம் ஒன்று, வேதம் ஒன்று, பாடத்திட்டமும் பெரிதும் ஒன்று. வேறுபாட்டை நிர்ணயித்தது நிலமே. மிஷனரிமாரின் நல்லெண்ணம் உண்மையானதெனினும் நில வேட்கையின் முன் அது தாக்குப்பிடிக்கவில்லை. நல்ல மனிதரின் கதைகளால் மட்டுமே வரலாறு கற்பிப்போர் மறைத்துவிடுவது இதனையே.

5

ஆகவே சிறுவர்க்கான எந்த வரலாற்று நூலிடமும் நாம் மூன்று வினாக்களைத் தொடுக்கலாம். நிலத்தில் முன்பு யார் இருந்தனர்? எந்தச் சட்டத்தால், எந்த ஆயுதத்தால் அகற்றப்பட்டனர்? அகன்றபின் அது யார் கைக்குச் சென்றது? இவற்றுக்குப் பதினொரு வயதுப் பிள்ளைக்கு விளங்கும் மொழியில் விடைகூறுதல் இயலும்.

இவ்வினாக்களை அமெரிக்கரிடம் மட்டும் தொடுப்பது எளிது. 1990 ஒக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். வடக்கு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் சில நாட்களுக்குள் அகற்றப்பட்டனர். அவர்தம் வீடும் கடையும் காணியும் நகையும் பறிபோயின. செரோக்கியரின் அனுபவமும் இதுவும் எல்லா வகையிலும் ஒன்றல்ல: ஒன்று விரிவடையும் முதலாளித்துவ அரசின் செயல், மற்றது ஒடுக்கப்பட்ட இனமொன்றின் பெயராற் போராடிய இயக்கத்தின் செயல். எனினும் தேசத்தின் புனித இலக்கு என்பது தெய்வசித்தம் வகித்த அதே இடத்தை இங்கு வகித்தது. அவ்விலக்கின் முன் அயலவரின் துயரம் வருந்தத்தக்க ஓர் இடைநிகழ்ச்சியாகச் சுருங்கிற்று. நமது விடுதலை வரலாறுகள் பலவற்றில் அது இன்றும் ஓரிரு வரிகளைத் தாண்டுவதில்லை. தேசிய ஒடுக்குமுறையை எதிர்த்து எழுதிய முற்போக்காளராகிய நாமும் இப்பொறுப்பிலிருந்து விலகி நிற்க முடியாது.

1990க்குப் பின் கற்பிட்டிக் கரையிற் பிறந்த பிள்ளைகள் இன்று தாமே பெற்றோராகியுள்ளனர். அவர்களுடைய பிள்ளைகளும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் அரச பள்ளிகளில் ஒரே தமிழ்மொழிப் பாடநூலையே விரிக்கின்றனர். மன்னாரிலிருந்து வள்ளங்கள் ஏன் புறப்பட்டன என்பது அந்நூலில் இடம்பெற வேண்டும். அதனை எழுதுமாறு கோருவது முதலில் நமது கடமை.