1982-இன் மூன்று திகில் படங்கள்



"உங்களுக்குப் பிடித்த பழைய பேய்ப்படம் எது டீச்சர்?" என்று பழைய பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி போன வாரம் கேட்டிருந்தாள். அதற்குக் கீழேயே என் அக்கா மகன், "சித்தி ராத்திரி தனியா உட்கார்ந்து இங்கிலீஷ் பேய்ப்படம் பார்ப்பாங்க, பயம் எங்களுக்குத்தான்" என்று எழுதி என் மானத்தை வாங்கிவிட்டான். ஆமாம், பார்ப்பேன். முப்பது வருஷத்துக்கு மேல் சரித்திரம் நடத்தியவளுக்கு அதில் வேலை இருக்கிறது. ஒரு நாடு எதை நினைத்துப் பெருமைப்பட்டது என்பதைக் கல்வெட்டு சொல்லும். எதை நினைத்துத் தூங்காமல் கிடந்தது என்பதைத் தெரிந்துகொள்ள அதன் பேய்க்கதைகளைத்தான் கேட்க வேண்டும்.

எனக்குப் பிடித்தவை மூன்று. மூன்றும் அமெரிக்கப் படங்கள், மூன்றும் 1982-இல் வந்தவை: பால்டர்கைஸ்ட், ஹாலோவீன் 3, தி திங். மூன்றின் முடிவையும் சொல்லப்போகிறேன். நாற்பது வருஷமாகப் பார்க்காமல் இருந்துவிட்டு இப்போது என்மேல் கோபித்துக்கொள்ளக் கூடாது.

வகுப்பில் சொல்வதுபோல ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் படங்களை எடுத்தவர்கள் அன்றன்றைய செய்தியைப் பார்த்துக் கதை செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தியேட்டருக்கு வந்தவர்கள் செய்தித்தாள் படித்துவிட்டுத்தான் வந்தார்கள்.

முதலில் பால்டர்கைஸ்ட். 1982 ஜூன் 4 அன்று வெளியானது. இயக்கியவர் டோப் ஹூப்பர். கதையும் தயாரிப்பும் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். ஒரே வாரத்தில், ஜூன் 11 அன்று, ஸ்பீல்பெர்க் இயக்கிய 'ஈ.டி.' வந்தது. இரண்டிலும் அதே மாதிரிப் புறநகர், அதே மாதிரி வீடு. ஒன்றில் வானத்திலிருந்து ஒரு சிநேகிதன் பிள்ளைகளைத் தேடி வருகிறான். மற்றதில் பிள்ளையே காணாமல் போகிறாள்.

நிகழ்ச்சிகள் முடிந்து, தேசிய கீதம் ஒலித்து, டிவி திரையில் வெறும் புள்ளிகள் இரைச்சலோடு ஓடும் அல்லவா? தூர்தர்ஷன் காலத்துப் பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் புள்ளிகளோடு ஐந்து வயதுக் கேரல் ஆன் பேச ஆரம்பிக்கிறாள். சில நாளில் அவள் வீட்டுக்குள்ளேயே மறைந்துபோகிறாள். குரல் மட்டும் டிவியிலிருந்து கேட்கிறது. அப்பா ரியல் எஸ்டேட் கம்பெனியில் வீடு விற்கிறவர். ராத்திரி படுக்கையில் ஜனாதிபதி ரீகனைப் பற்றிய புத்தகம் படிக்கிறார். ஒழுங்கான, நல்ல மனிதர். தான் வாழ்கிற குடியிருப்பே ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தின் மேல் கட்டப்பட்டது என்பது பிறகுதான் அவருக்குத் தெரிகிறது. கம்பெனி செலவை மிச்சம் பிடிக்கக் கல்லறைக் கற்களை மட்டும் பெயர்த்துக்கொண்டு போய் வேறு இடத்தில் நட்டுவிட்டு, சவப்பெட்டிகளை அப்படியே விட்டிருக்கிறது. அந்தப் படத்தில் பேய்களைவிட எனக்கு அதிகம் பயம் தந்தவர் அந்த முதலாளிதான். பேய்களுக்காவது ஒரு நியாயம் இருந்தது.

இதைப் பார்த்த அமெரிக்கர்களுக்கு லவ் கெனால் என்ற பெயர் தெரிந்திருக்கும். நியூயார்க் மாநிலத்தில் நயாகரா ஃபால்ஸ் ஊரில் இருக்கிறது. பாதியில் கைவிடப்பட்ட ஒரு பழைய கால்வாயில், 1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும் ஒரு ரசாயன நிறுவனம் ஏறக்குறைய 21,000 டன் கழிவைப் புதைத்தது. 1953-இல் மண்ணைப் போட்டு மூடி, அந்த நிலத்தை உள்ளூர்ப் பள்ளி வாரியத்துக்கு ஒரே ஒரு டாலருக்குக் கொடுத்தது. அங்கே ஒரு பள்ளிக்கூடம் வந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன. இருபத்தைந்து வருஷம் கழித்துக் கழிவு தரைக்கு மேலே கசிந்தது. பிள்ளைகளுக்கு நோய் வந்தது. லோயிஸ் கிப்ஸ் என்ற இல்லத்தரசி, தன் மகன் படித்த பள்ளியைப் பற்றிக் கேட்க வீடு வீடாக ஏறி இறங்கினார். 1978 ஆகஸ்டில் ஜனாதிபதி கார்ட்டர் அங்கே அவசர நிலை அறிவித்தார். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறின. கல்லை மட்டும் நகர்த்தி உடலை விட்டுவிட்ட கதை, நாலு வருஷம் கழித்துத் திரையில் வந்தபோது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

அடுத்தது ஹாலோவீன் 3. வெளியான நாள் 1982 அக்டோபர் 22. இயக்கம் டாமி லீ வாலஸ். முதல் இரண்டு பாகங்களில் முகமூடி போட்ட கொலைகாரன் மைக்கேல் மையர்ஸ் வருவான். இதில் அவன் கிடையாது. டிக்கெட் வாங்கியவர்கள் ஏமாந்து திட்டினார்கள். பல வருஷம் இந்தப் படத்துக்கு நல்ல பெயரே இல்லை.

ஹாலோவீன் என்பது அக்டோபர் 31. அன்று சாயங்காலம் பிள்ளைகள் முகமூடி போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். இந்தக் கதையில் ஒரு பொம்மைக் கம்பெனி முதலாளி நாடு முழுவதும் முகமூடி விற்கிறார். பண்டிகை ராத்திரியில் டிவியில் ஒரு விளம்பரம் வரும். முகமூடியோடு அதைப் பார்க்கும் குழந்தை செத்துப்போகும். அதுதான் அவர் திட்டம். கடைசிக் காட்சியில் டாக்டர் ஒருவர் டெலிபோனில் கத்தி அந்த விளம்பரத்தை நிறுத்தச் சொல்கிறார். ஒரு சேனல் நிறுத்துகிறது. இன்னொன்றும் நிறுத்துகிறது. மூன்றாவதில் விளம்பரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவர் கத்துகிறார். படம் முடிந்துவிடுகிறது.

படம் வருவதற்கு மூன்று வாரம் முன்பு, செப்டம்பர் கடைசியில், சிகாகோ பக்கத்தில் டைலனால் மாத்திரை சாப்பிட்ட ஏழு பேர் அடுத்தடுத்து இறந்தார்கள். நம் ஊர் பாரசிட்டமால்தான் அது. கடையில் இருந்த பாட்டில்களில் யாரோ சயனைடு கலந்திருந்தார்கள். தயாரித்த நிறுவனம் 3 கோடிக்கு மேற்பட்ட பாட்டில்களைத் திரும்பப் பெற்றது. அந்தக் கொலைகளுக்காக இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. அந்த அக்டோபரில் பல ஊர்களில் பிள்ளைகளை மிட்டாய் வாங்க வெளியே அனுப்பவே பெற்றோர் தயங்கினார்கள். இன்று நாம் மருந்து பாட்டிலைத் திறக்கும்போது மூடிக்கு அடியில் ஒரு ஒட்டுத்தாளைக் கிழிக்கிறோமே, அது உலகம் முழுக்கப் பரவியதற்கு அந்த ஏழு சாவுகள் பெரிய காரணம். படம் அதற்கு முன்பே எடுத்து முடிக்கப்பட்டது. ஆனால் அன்று தியேட்டரில் உட்கார்ந்திருந்த தாய் தகப்பன்மாருக்குக் கடையில் வாங்கிய பொருள் கொல்லும் என்பது கற்பனையாக இருந்திருக்காது.

நடுவில் வந்த படத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்: தி திங், ஜூன் 25. இயக்கம் ஜான் கார்பென்டர். 1938-இல் ஜான் கேம்பெல் எழுதிய ஒரு குறுநாவல்தான் மூலக்கதை.

அண்டார்டிகாவில் ஓர் அமெரிக்க ஆய்வு நிலையம், குளிர்காலத் தொடக்கம். பன்னிரண்டு ஆண்கள். வெளியுலகத் தொடர்பு இல்லை. வேற்றுக்கிரக உயிர் ஒன்று உள்ளே புகுந்துவிடுகிறது. அதற்கென்று சொந்த உருவம் கிடையாது. யாரை விழுங்குகிறதோ அவராகவே மாறிவிடும். அதே முகம், அதே குரல், அதே பேச்சு. பேய் எது என்று தெரிந்தால் ஓடலாம், மறையலாம். பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறவர் மனிதர்தானா என்றே தெரியாவிட்டால் எங்கே ஓடுவது?

பட்டணத்து ஸ்டூடியோவில் குளிரூட்டிய அரங்குகளிலும், கனடாவில் ஸ்டூவர்ட் என்ற ஊருக்குப் பக்கத்துப் பனியிலும் எடுத்தார்கள். அந்த உயிரின் உருவங்களைச் செய்த ராப் பாட்டினுக்கு அப்போது இருபத்திரண்டு வயதுதான். கம்ப்யூட்டர் வித்தை எதுவும் இல்லாமல் ரப்பரும் ரசாயனமும் வைத்தே செய்தார். ஒரு வருஷத்துக்கு மேல் ஓய்வில்லாமல் உழைத்து, கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆயிற்று.

படம் தோற்றது. 1.5 கோடி டாலர் செலவில் எடுத்த படம் அமெரிக்காவில் சுமார் 2 கோடி டாலர்தான் வசூல் செய்தது. பால்டர்கைஸ்ட் 7 கோடியைத் தாண்டியது. ஈ.டி. 35 கோடிக்கு மேல் போனது. விமர்சகர்கள் குப்பை என்று எழுதினார்கள். கார்பென்டர் கையிலிருந்த அடுத்த படமும் போயிற்று. என்னியோ மாரிகோனேயின் இசையை அந்த ஆண்டின் மோசமான இசை என்று கேலி விருதுக்குப் பரிந்துரைத்தார்கள். இந்தப் படத்துக்காக அவர் எழுதி, பயன்படாமல் கிடந்த சில இசைத் துண்டுகள் பல வருஷம் கழித்து 'தி ஹேட்ஃபுல் எய்ட்' படத்தில் சேர்ந்தன. அந்தப் படத்தின் இசைக்கு 2016-இல் ஆஸ்கர் கிடைத்தது. தி திங்கும் வீடியோ கேசட்டில் மெல்ல மெல்ல எழுந்து, இன்று அந்த வகையின் தலைசிறந்த படங்களில் ஒன்றாகப் பேசப்படுகிறது. தென் துருவ நிலையத்தில் கடைசி விமானம் போனதும், குளிர்காலத்துக்குத் தங்குகிறவர்கள் கூடி உட்கார்ந்து இதைப் பார்ப்பது வழக்கமாம். காலாண்டுத் தேர்வு மார்க்கைப் பார்த்து அழுத பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியிருக்கிறேன்.

இந்தப் படத்தில் ஒரு காட்சி. யார் மனிதர் என்று கண்டுபிடிக்க எல்லோருடைய ரத்தத்தையும் எடுத்துச் சூடான கம்பியால் சோதிக்கிறார்கள். அந்த உயிரின் ரத்தம் துள்ளி ஓடும். மனித ரத்தம் சும்மா இருக்கும். சோதனைக்குச் சற்று முன்னால், கத்தியோடு பின்னால் வந்த கிளார்க் என்பவரை நாயகன் மக்ரெடி சுட்டுவிடுகிறான். செத்தவரின் ரத்தத்தையும் சோதிக்கிறார்கள். சும்மா இருக்கிறது. கிளார்க் மனிதர். மக்ரெடி ஒரு கணம் அப்படியே நிற்கிறான். மற்றவர்கள் அவனைப் பார்க்கிறார்கள்.

அந்தப் படம் ஓடிய காலத்தில் அமெரிக்காவில் ஒரு புது நோய் பரவிக்கொண்டிருந்தது. 1981 ஜூன் 5 அன்று முதல் அறிக்கை வந்தது. 1982 செப்டம்பரில் அதற்கு எய்ட்ஸ் என்று பெயர் வைத்தார்கள். ரத்தப் பரிசோதனை 1985-இல்தான் வந்தது. அதே ஆண்டு இந்தியானா மாநிலத்தில் ரயன் வைட் என்ற பதின்மூன்று வயதுப் பையனைப் பள்ளிக்கூடம் உள்ளே விடவில்லை. ஹீமோபிலியாவுக்கு ஏற்றிய மருந்து வழியாக வந்த தொற்று. வழக்குப் போட்டுத்தான் திரும்ப வகுப்புக்குப் போனான்.

நம் நாட்டிலும் கதை ஒரு ரத்தப் பரிசோதனையில்தான் தொடங்கியது, அதுவும் நம் சென்னையில். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார்கள். நிர்மலா அவற்றைத் தன் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் தெரியவந்தன. அந்த ரத்தத்துக்குரியவர்கள் பாலியல் தொழிலில் சிக்கியிருந்த பெண்கள். டாக்டர் சுனிதி அதன்பிறகு தன் வாழ்நாள் முழுவதையும் இந்த நோயாளிகளுக்கே கொடுத்தார்.

1990-களின் நடுவில் நான் வேலை பார்த்த ஒரு கிராமப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அப்பா இறந்துபோனார். என்ன நோய் என்று ஊர் பேசிக்கொண்டது. மறு வாரம் எட்டுப் பத்துப் பெற்றோர் வந்து, அந்தப் பிள்ளையைத் தனி பெஞ்சில் உட்காரவை, இல்லாவிட்டால் டி.சி. கொடு என்று நின்றார்கள். அவளுக்கு நோய் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. டெஸ்ட் எடு என்று ஒருவர் கத்தினார். பிள்ளை வராந்தாத் தூணுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் தமிழம்மா அவளைக் கூப்பிட்டு, அவள் தோளில் தொங்கிய தண்ணீர் பாட்டிலை வாங்கி, எல்லோர் முன்னாலும் வாய் வைத்துக் குடித்தார். "இது தண்ணில வராதுங்க. டாக்டரைக் கூட்டிட்டு வாறேன், அவரையும் கேட்டுக்குங்க" என்றார். சொன்னபடியே அரசு ஆஸ்பத்திரி டாக்டர் வந்து பேசினார். இரண்டு குடும்பங்கள் மட்டும் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றின. மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே விட்டார்கள். அந்தப் பெண் எங்களிடமே பத்தாவது முடித்தாள். பரிசோதனை என்ன ஆயிற்று என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை. நாங்கள் கேட்கவிடவில்லை.

கொரோனா வந்தபோது உங்களில் பலர் டாக்டர்களாக, நர்ஸ்களாக, ஆசிரியர்களாக இருந்தீர்கள். யார் வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள், யாருக்கு வாடகை வீடு கொடுக்கவில்லை என்பதெல்லாம் எனக்கு எழுதினீர்கள். பயப்படுவது தப்பில்லை பிள்ளைகளே. நிலத்தில் விஷம் இருந்தது உண்மை. மாத்திரையில் சயனைடு இருந்ததும் உண்மை. அதனால்தான் கேள்வி கேட்ட லோயிஸ் கிப்ஸையும், மாதிரிகளைத் தன் வீட்டில் வைத்துக் காத்த நிர்மலாவையும் நான் உங்களுக்குச் சொன்னேன். அவர்களுக்கும் பயம் இருந்திருக்கும். ஆனால் அவர்கள் தேடியது நோய் எங்கே, விஷம் எங்கே என்பதை. ஆளைத் தேடிப் போகிற பயம்தான் கிளார்க்கைச் சுடும்.

தி திங் முடியும்போது நிலையம் எரிந்துகொண்டிருக்கிறது. இருவர் மட்டும் பனியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் மனிதர்தானா என்று மற்றவருக்குத் தெரியாது. மக்ரெடி தன் கையிலிருந்த பாட்டிலை நீட்டுகிறான். மற்றவர் வாங்கிக் குடிக்கிறார். அதற்கு அறிஞர்கள் என்னென்னவோ அர்த்தம் சொல்கிறார்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் எங்கள் தமிழம்மா முகம்தான் வரும்.

படத்தை ராத்திரியில் பாருங்கள், விளக்கைப் போட்டுக்கொண்டே பார்த்தாலும் பரவாயில்லை. சின்னப் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிடுங்கள். உங்களுக்குப் பிடித்ததைக் கீழே எழுதுங்கள். எந்த வருஷத்துப் படம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும், வருஷம் இல்லாத பதிலுக்கு நான் மார்க் போட்டதில்லை.

அன்புடன்,
உங்கள் சரித்திர டீச்சர்