270 டாலருக்கு வாங்கிய மனை

பருத்தி போடுற ஊர்க்காரனுக்கு அமெரிக்கா அப்படி ஒண்ணும் தூரம் இல்லை. 1861-ல் அங்கே வடக்குக்கும் தெற்குக்கும் சண்டை மூண்டு, இங்கிலாந்து மில்லுகளுக்குப் பருத்தி போகிறது நின்றது. உடனே நம்ம திருநெல்வேலிச் சீமைப் பருத்திக்கு விலை ஏறியது. தூத்துக்குடியிலிருந்து பொதி பொதியாகக் கப்பல் ஏறியது. 1865-ல் சண்டை முடிந்ததும் விலை இறங்கிவிட்டது. போன பதிவில் இதைப் பத்தி ரெண்டு வரி எழுதினேன். அந்தச் சண்டைக்குப் பிறகு அங்கே பருத்திக் காட்டில் வேலை செய்தவங்க என்ன ஆனாங்கன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதுக்குப் பதிலா ஒரு சின்ன கோயிலோட கதையைச் சொல்றேன். கிறிஸ்தவங்களில் பாப்டிஸ்ட் என்று ஒரு பிரிவு, அவங்க கோயில்.

தோற்றுப்போன தெற்குப் பக்கத்தில் அலபாமா என்று ஒரு மாநிலம். அதன் நடுவே ஒரு வார் பிடித்த மாதிரி கரிசல் மண் ஓடுது. அந்த மண்ணோட நிறத்தை வைத்தே ‘கறுப்புப் பட்டை’ன்னு அந்தப் பகுதிக்குப் பேர் வந்தது. மழை பெய்தால் காலைப் பிடிக்கும், காய்ந்தால் பாளம் பாளமா வெடிக்கும். படிக்கும்போது எங்க காட்டைப் பத்தி எழுதின மாதிரியே இருந்தது. ஆனா அங்கே பருத்தி எடுத்தவங்க கூலிக்கு வந்தவங்க இல்லை. மாட்டுச் சந்தையில் மாடு பிடிக்கிற மாதிரி விலை கொடுத்து வாங்கப்பட்ட மனுஷங்க. 1860 கணக்கெடுப்பில் அலபாமாவில் இருந்த அடிமைகள் 4,35,080 பேர். மொத்த ஜனத்தில் நூற்றுக்கு 45 பேர். அவங்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தால் அபராதம்னு 1832-லேயே சட்டம் போட்டிருந்தாங்க.

அந்த மாநிலத்தின் தலைநகர் மாண்ட்கோமரி. அங்கே ஒரு அகலமான வீதி. மேல் கோடியில், மேட்டின் மேல் சட்டசபை மாளிகை. 1861 பிப்ரவரி 18-ந் தேதி, பிரிந்துபோன தென் மாநிலங்களின் தலைவராக ஜெபர்சன் டேவிஸ் பதவி ஏற்றது அந்த மாளிகை வாசலில்தான். கீழ்க் கோடியில் ஒரு சதுக்கம். ஆட்களை ஏலம் போட்டது அங்கே. வித்த இடம் கீழே, விக்கலாம்னு சட்டம் சொன்ன இடம் மேலே. ரெண்டுக்கும் நடுவே அந்த வீதி. அப்போ அதுக்கு மார்க்கெட் வீதின்னு பேர். பிற்பாடுதான் டெக்ஸ்டர் அவென்யூ ஆனது.

சண்டை முடிந்து விடுதலை வந்தது. ஆனால் வந்தவங்க கையில் காணி நிலம் இல்லை. பெரும்பாலானவங்க பழைய முதலாளியோட காட்டிலேயே வாரத்துக்கு உழுதாங்க. அவங்களுக்குன்னு சொந்தமா முதல்ல எழுந்தது வீடும் இல்லை, வயலும் இல்லை, கோயில்தான். அடிமைக் காலத்தில் வெள்ளைக்காரர் கோயிலில் மாடத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தவங்க, விடுதலைக்குப் பிறகு தனியாகக் கூடத் தொடங்கினாங்க.

இங்கே பாப்டிஸ்ட் முறையைக் கொஞ்சம் சொல்லணும். நம்ம பக்கம் ஆர்.சி., சி.எஸ்.ஐ. கோயில் எல்லாருக்கும் தெரியும். ரெண்டுக்கும் மேலே பிஷப் உண்டு. சாமியாரையோ ஐயரையோ மேலிருந்துதான் அனுப்புவாங்க. பாப்டிஸ்ட்டில் அப்படி இல்லை. குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. விவரம் தெரிந்த பிறகு தானாக முன்வந்து தண்ணீரில் முழுக்கு வாங்கணும். அந்த மாதிரி பத்துப் பேர் சேர்ந்தால் அது ஒரு சபை. போதகரைச் சபைதான் தேர்ந்தெடுக்கும், சம்பளம் கொடுக்கும், பிடிக்காட்டி அனுப்பிவிடும். இடமும் கட்டடமும் பொதுவா அந்தச் சபைக்கே சொந்தம். மேலே இருந்து பூட்டுப் போட ஆள் கிடையாது. இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படிங்க.

1877-ல் மாண்ட்கோமரியில் கறுப்பர்களின் பாப்டிஸ்ட் சபை ஒன்றிலிருந்து கொஞ்சம் பேர் பிரிந்து தனிச் சபை தொடங்கினாங்க. அவங்க முதலில் கூடின கூடம், ஒரு காலத்தில் அடிமை வியாபாரி ஆட்களை விற்பனைக்கு அடைத்து வைத்திருந்த பட்டி என்று சபையின் வரலாறு சொல்லுது. அதில் உட்கார்ந்து ஜெபம் செய்தவங்களில் எத்தனை பேருக்கு அந்தப் பட்டி நேரில் தெரிந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க. விடுதலை வந்து பன்னிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

முதல் போதகர் சார்லஸ் ஆக்டேவியஸ் பூத். 1845-ல் அடிமையாகப் பிறந்தவர். படித்து, ஆசிரியராகி, போதகராகி, எளிய ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி வேத விளக்கப் புத்தகமும், அலபாமாவின் கறுப்பு பாப்டிஸ்ட்டுகளைப் பற்றி ஒரு பெரிய தொகுப்பும் எழுதினவர். எழுத்தே கூடாதுன்னு சட்டம் போட்ட ஊரில் இது.

1879 ஜனவரி 30-ந் தேதி சபையார் அந்த வீதியிலேயே ஒரு மூலை மனையை வாங்கினாங்க. விலை 270 டாலர். சட்டசபை மாளிகையிலிருந்து கூப்பிடு தூரம்.

மனை வாங்கிட்டா கட்டடம் தானா வந்துடாது. நிலம் வாங்கிக் கிணறு வெட்ட முடியாமல் பத்து வருஷம் கிடக்கிற கதை நமக்குத் தெரிந்ததுதானே. முதலில் மரத்தால் சின்னதாக ஒன்று போட்டாங்க. 1883-ல் செங்கல் வேலை தொடங்கியது, அடித்தளத்து அறையிலிருந்து. நகரசபை வீதியைப் புதுப்பிக்கும்போது பெயர்த்துப் போட்ட கற்களைச் சபையார் பொறுக்கி வந்து சுத்தம் செய்து சுவரில் வைத்தாங்க என்று சொல்லுவாங்க. மேலே ஆராதனைக் கூடம் முடிந்து முதல் ஆராதனை நடந்தது 1889-ல், நன்றி கூறும் நாளில். அது அவங்க ஊர் அறுவடைத் திருநாள், நம்ம பொங்கல் மாதிரி. வாங்கின நாளிலிருந்து கணக்குப் போட்டால் பத்து வருஷத்துக்கு மேல். துவைத்துப் போட்டும், வீட்டு வேலை செய்தும், மூட்டை தூக்கியும் சம்பாதித்த ஜனங்க இருந்த ஊரில் அது.

அழகான சின்னக் கட்டடம். சிவப்புச் செங்கல், வெள்ளை வேலைப்பாடு, மேலே சின்ன மணிக்கூண்டு.

ஊரில் எல்லாம் நல்லபடியாகப் போனதுன்னு நினைக்க வேண்டாம். 1901-ல் அதே வீதியின் மேட்டில், அந்த மாளிகையில் கூடி அலபாமாவுக்குப் புது அரசியல் சாசனம் எழுதினாங்க. ஓட்டுப் போட வரி கட்டணும், எழுதப் படிக்கத் தெரியணும் என்று ஆயிரம் நிபந்தனை. கறுப்பர்களில் லட்சத்துக்கு மேல் ஓட்டுரிமை இருந்த இடத்தில் சில ஆயிரம் பேர்தான் மிஞ்சினாங்க. பஸ்ஸில் பின் வரிசை, ஓட்டலில் பின்வாசல், பள்ளிக்கூடம் தனி. இந்தக் கோயில் மட்டும் மாளிகைக்குக் கீழே அது பாட்டுக்கு நின்றது.

சபைக்குள்ளேயும் ஒரு குறை இருந்தது. காலப்போக்கில் அது வாத்தியார்கள், கல்லூரிப் பேராசிரியர்கள், வைத்தியர்கள் கூடுகிற கோயிலாக மாறியது. சத்தம் போட்டுப் பாடினால் முகம் சுளிப்பாங்களாம். கீழே தள்ளப்பட்டவங்களுக்குள்ளேயும் மேல் வரிசை, கீழ் வரிசை வந்துவிடுது. நம்ம ஊரில் இதுக்கு உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை.

இந்தப் பெரிய மனுஷங்க கோயிலுக்கு 1940-களின் கடைசியில் ஒரு போதகர் வந்தார். வெர்னான் ஜான்ஸ். இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் இவர்தான், ஏன்னா இவர் ஒரு சம்சாரி. வர்ஜீனியாவில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, ஏர் பின்னாடி நடந்துகொண்டே பாடம் மனப்பாடம் செய்தவர். கிரேக்கம், லத்தீன் படித்தவர். ஆனாலும் போதகர் வேலையோட தர்ப்பூசணி, காய்கறி, மீன், பன்றி இறைச்சி எல்லாம் விற்றார். கோட்டு சூட்டுப் போட்ட சபையாருக்கு மானமே போச்சு. அவர் விடவில்லை. ‘நாம் விளைவிக்காமல், நாமே விற்காமல், எல்லாத்தையும் அவங்களிடமே வாங்கித் தின்றுகொண்டு உரிமை மட்டும் கேட்டால் எப்படி?’ என்பதுதான் அவர் வாதம். பஸ்ஸில் பின்னாடி போகச் சொன்னபோது மறுத்தார். எல்லாரும் இறங்குங்கள் என்று மற்றவங்களைக் கூப்பிட்டார். ஒருத்தரும் இறங்கவில்லை. சபையாரோடு தகராறு முற்றினபோதெல்லாம் ராஜினாமா எழுதிக் கொடுப்பார், கடைசியில் ஒரு தடவை அதை ஏற்றுக்கொண்டுவிட்டாங்க.

சண்டைக்காரர் போதும், சாதுவாக ஒரு ஆள் வேணும்னு தேடி, 1954-ல் ஒரு இளைஞரைக் கொண்டுவந்தாங்க. வயசு 25. பெயர் மார்ட்டின் லூதர் கிங்.

அதுக்கு அப்புறம் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். 1955 டிசம்பர் 1-ந் தேதி, ரோசா பார்க்ஸ் என்ற அம்மா தையல் வேலை முடிந்து, அந்த ஏலச் சதுக்கத்துப் பக்கம்தான் பஸ் ஏறினார். வெள்ளைக்காரருக்கு இடம் விட மறுத்ததால் கைதானார். ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, இதே சபையைச் சேர்ந்தவர், ராத்திரியோடு ராத்திரியாகப் பல்லாயிரம் துண்டு நோட்டீசுகளை அச்சடித்தார். மறுநாள் சாயங்காலம் ஊர்ப் பெரியவங்க கூடினது, 1883-ல் செங்கல் வைக்கத் தொடங்கின அந்த அடித்தளத்து அறையில்தான்.

நான் நின்று யோசித்த இடம் இதுதான். அந்த ஊரில் ஐம்பது கறுப்பர் ஒரு இடத்தில் உட்கார்ந்து அரசாங்கத்துக்கு எதிராகப் பேச வேறெங்கே முடியும்? பள்ளிக்கூடம் அரசாங்கத்துடையது. பேராசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்த கல்லூரியும் அதே அரசாங்கத்துடையது. பெரிய ஓட்டலில் உள்ளேயே விட மாட்டாங்க. கோயில் மட்டும்தான் அவங்க பேரில் இருந்தது. சாவியும் அவங்க கையில்.

எங்க ஊரில் கூட்டம் கூட ஒரு சாவடி உண்டு. எங்கப்பா காலத்தில் அதன் திண்ணையில் எல்லாரும் ஏற முடியாது. சிலபேர் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுதான் கேட்கணும். நின்று கேட்கிறவன் வாயைத் திறந்து பேச முடியாது. உட்கார இடம் இருக்கிறவன்தான் பேசுவான். அந்த ஜனங்க இப்போ தங்கள் தெருவிலேயே ஒரு சமுதாயக் கூடம் கட்டிக்கொண்டாங்க. அதுக்குப் பிறகு ஊர்க்கூட்டத்தில் அவங்க பேச்சோட தொனியே மாறிப்போச்சு. இதை நான் கண்ணால பார்த்தவன்.

மாண்ட்கோமரி ஜனங்க 381 நாள் பஸ் ஏறவில்லை. நடந்தாங்க, இருக்கிற கார்களில் மாற்றி மாற்றி ஏறிக்கொண்டாங்க. வேன்கள் வாங்கினபோது கோயில்களின் பேரில் பதிந்தாங்க. ‘உருளும் கோயில்’ என்று அதுக்குப் பேரே வந்தது. 1956 ஜனவரி 30 ராத்திரி, கிங் குடியிருந்த சபை வீட்டில் குண்டு வீசினாங்க. உள்ளே மனைவியும் கைக்குழந்தையும். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. ஆத்திரத்தோடு கூடின ஜனத்தை வாசலில் நின்று சமாதானம் சொல்லி அனுப்பினார். காந்தி செத்த தேதியும் அதுதான். அந்த மனையை வாங்கின தேதியும் அதுதான். வருஷக் கடைசியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு நகரத்துக்கு வந்து சேர்ந்தது. பஸ்ஸில் எங்கே வேணும்னாலும் உட்காரலாம்.

1959-ல், இந்தக் கோயில் போதகராக இருக்கும்போதே கிங் இந்தியா வந்தார். சென்னை, காந்திகிராமம், மதுரை எல்லாம் பார்த்துவிட்டுத் திருவனந்தபுரம் போனார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில், தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கு அவரை ‘அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிற உங்களைப் போன்ற தீண்டத்தகாதவர்’ என்று தலைமையாசிரியர் அறிமுகம் செய்தார். முதலில் அவருக்குச் சுருக்கென்று இருந்தது. பிறகு யோசித்து, ஆமாம், உண்மைதான் என்று ஒத்துக்கொண்டதாக அவரே பிற்பாடு பிரசங்கத்தில் சொன்னார்.

1965 மார்ச் 25-ந் தேதி, ஓட்டுரிமை கேட்டுச் செல்மாவிலிருந்து நடந்து வந்த கூட்டம் அந்தக் கோயிலைத் தாண்டி மாளிகை முன்னால் போய் நின்றது. சுமார் 25,000 பேர். அந்த வருஷமே ஓட்டுரிமைச் சட்டம் வந்தது. கோயிலை 1974-ல் தேசியச் சின்னமாக அறிவித்தாங்க. 1978-ல் கிங் பேரையும் சேர்த்துக்கொண்டது. இன்னமும் அது ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடக்கிற கோயில்தான்.

கிங் அங்கே இருந்தது ஐந்தரை வருஷம். அதுக்கு எழுபது வருஷம் முன்னாடியே சுவர் எழும்பிவிட்டது. விலைப்பட்டியலில் பேர் ஏறிக் கிடந்த ஜனம், முதல் தடவையாக ஒரு பத்திரத்தில் வாங்குகிறவங்களாகப் பேர் எழுதினாங்க. இந்தச் சுவர் என்னத்துக்கெல்லாம் உதவும்னு அன்னைக்கு அவங்களுக்குத் தெரிந்திருக்காது. பனைமரம் வைக்கிறவன் நுங்கு தின்கிறதில்லை. ஆனாலும் வைத்தாங்க.