பிக்கப் டிரக்குக்கான பனித்தள்ளி

வண்டியின் முன்புறம் பொருத்தி, தரையில் கிடக்கும் பனியை ஓரத்துக்குத் தள்ளப் பயன்படும் வளைந்த தகடு பனித்தள்ளி. வட அமெரிக்காவில் ஸ்னோ பிளவ் என்பார்கள். அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் கனடாவிலும் பொதுச் சாலைகளை அரசின் பெரிய லாரிகள் பார்த்துக்கொள்ளும். சாலை விளிம்பிலிருந்து வீட்டுக் கராஜ் வரையிலும், கடைகளின் வாகன நிறுத்துமிடத்திலும் விழும் பனி அந்தந்த உரிமையாளர் பாடு. அந்த வேலையைப் பெரும்பாலும் பிக்கப் டிரக்குகளே செய்கின்றன. உரிமையாளரே ஓட்டுவதும் உண்டு, ஒப்பந்தக்காரர் வந்து தள்ளிவிட்டுப் போவதும் உண்டு.

மோட்டார் வண்டியில் மாட்டும் பனித்தள்ளியை உருவாக்கிய முன்னோடிகளில் ஒருவர் நியூயார்க் மாநிலத்தின் கிளேட்டன் ஊரைச் சேர்ந்த கார்ல் ஃப்ரிங்க். காலம் 1920ஐ ஒட்டியது. இன்றைய சந்தையில் பல பெயர்கள் இருந்தாலும் முதலாளிகள் குறைவு. வெஸ்டர்ன், ஃபிஷர், ஸ்னோஎக்ஸ் ஆகிய மூன்றும் மில்வாக்கி நகரின் டக்ளஸ் டைனமிக்ஸ் நிறுவனத்துடையவை. மிச்சிகனில் தயாராகும் பாஸ் பனித்தள்ளியை டோரோ நிறுவனம் 2014இல் வாங்கியது. ஓஹையோவில் மேயர், ஸ்னோடாக் ஆகியவை உள்ளன. எது உயர்ந்தது என்று வாங்குவோர் ஓயாமல் வாதாடுவார்கள். தேர்வை உண்மையில் முடிவு செய்வது தகட்டின் பெயரல்ல, டிரக்கின் முன் அச்சு.

ஒவ்வொரு வண்டியிலும் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். முன் அச்சு, பின் அச்சு, மொத்த வண்டி ஆகியவை தாங்கக்கூடிய உச்ச எடைகள் அதில் பவுண்டில் குறிக்கப்பட்டிருக்கும். பனித்தள்ளியின் எடையை முன் அச்சின் மிச்சத் தாங்குதிறனோடு ஒப்பிட்டுவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது போதாது. தள்ளி தொங்குவது அச்சின் மேல் அல்ல, அதற்குப் பல அடி முன்னால். இடுப்பில் வைத்த குடத்தைவிடக் கை நீட்டிப் பிடித்த குடம் கனப்பது போலத்தான் இதுவும். சக்கர அச்சுகளுக்கு இடையே 12 அடி உள்ள டிரக்கில் 720 பவுண்டு தள்ளி ஒன்றை மாட்டியதாகக் கொள்வோம். அதன் எடைமையம் முன் அச்சுக்கு 5 அடி முன்னால் இருந்தால், முன் அச்சில் ஏறுவது 720 அல்ல, 1,020 பவுண்டு. பின் அச்சு 300 பவுண்டு இழக்கும்.

பின்சக்கரங்கள் லேசானால் பனியில் பிடிமானம் போகும், பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. அதனால் பின் அச்சுக்கும் பின்னால், சரக்குத் தட்டின் கடைசியில் எடை ஏற்றுவார்கள். மேற்சொன்ன டிரக்கில் பின் அச்சுக்கு 3 அடி தள்ளி 400 பவுண்டு வைத்தால் பின் அச்சில் 500 பவுண்டு கூடி, முன் அச்சில் 100 பவுண்டு குறையும். மணல் மூட்டையே சிறந்தது. வண்டி சிக்கிக்கொண்டால் அவிழ்த்துச் சக்கரத்தடியில் கொட்டலாம். மூட்டையைக் கட்டிவைக்காவிட்டால், திடீரென நிறுத்தும்போது அது கேபின் மீது பாயும்.

டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிடக் கனம். நான்கு கதவுக் கேபினும் கனம். ஆகவே ஒரே மாடலில்கூட ஒரு டிரக் ஏற்கும் தள்ளியை இன்னொன்று ஏற்காமல் போகலாம். தள்ளி மாட்டும் எண்ணம் முன்பே இருந்தால் அதற்கான தொழிற்சாலைத் தொகுப்போடு டிரக்கை வாங்குவது நல்லது. கடினமான முன் சுருள்வில், பெரிய ஆல்டர்னேட்டர் போன்றவை அதில் சேரும். ஜெனரல் மோட்டார்ஸ் டிரக்குகளில் இத்தொகுப்பின் குறியீடு விஒய்யு.

அகலத்தைப் பொறுத்தவரை, அரை டன் வகை டிரக்குக்கு 7 அல்லது 7½ அடியும், முக்கால் டன்னுக்கு 7½ முதல் 8 அடியும், ஒரு டன்னுக்கு 8 முதல் 9 அடியும் வழக்கம். பனியைப் பக்கவாட்டில் ஒதுக்கத் தகட்டைச் சுமார் 30 பாகை சாய்ப்பார்கள். அப்போது 8 அடித் தகடு ஏறக்குறைய 6 அடி 11 அங்குலத்தையே வழிக்கும். 7½ அடித் தகடு 6½ அடியை. சாய்ந்த நிலையிலும் தகடு சக்கரங்களின் வெளிவிளிம்பைத் தாண்ட வேண்டும். இல்லையென்றால் தள்ளாத பனியை வண்டியே மிதித்து இறுக்கிவிடும்.

வடிவத்தில் எளியது நேர்த்தகடு. விலையும் எடையும் குறைவு, பழுதாகும் பாகங்களும் குறைவு. வீட்டுப் பாதைக்கு இதுவே போதும். நடுவில் கீல் வைத்து இரண்டாக மடங்கும் வி-தகடு, முன்னோக்கிக் கூராகி ஆழமான பனியைப் பிளக்கும். இறக்கைகளை முன்னால் மடக்கினால் பனியைச் சிந்தாமல் அள்ளிப் போகும். ஏரிக்காற்று கொண்டுவரும் பனி ஒரே புயலில் பல அடி குவியும் பஃபலோ போன்ற இடங்களில் அதன் அருமை தெரியும். மூன்றாவது வகை, இருபுறமும் நீளும் இறக்கைத் தகடு. அது பெரிய நிறுத்துமிடங்களில் நேரத்தை மிச்சப்படுத்தும். பின்னிரண்டும் கனமானவை, அரை டன் டிரக்குக்குப் பெரும்பாலும் பொருந்தா.

பனிக்கடியில் சாக்கடை மூடியும் கல்லும் மறைந்திருக்கும். தகடு அவற்றில் மோதும்போது டிரக்கைக் காப்பாற்றுவது சுருள்வில் பொறியமைப்பு. முழுத்தகடும் முன்சாயும் வகையில் பனி அப்படியே கொட்டிவிடும். அடிவிளிம்பு மட்டும் மடங்கும் வகையில் பனி தகட்டிலேயே நிற்கும். முன்னது உயரமான தடையைச் சமாளிக்கும். பின்னது ஆழமான பனியில் வசதி. கூராக மடங்கிய நிலையில் முழுத்தகடும் சாய முடியாது என்பதால் வி-தகடு வாங்குவோர் விளிம்பு மடங்கும் வகையையே தேடுவது நல்லது.

எஃகுத் தகடு உறுதியானது. வண்ணம் உரிந்த இடத்தில் சாலை உப்பு அரிக்கும். பாலிஎத்திலீன் தகட்டில் ஈரப்பனி ஒட்டாது, துருவும் இல்லை. ஆனால் பின்சட்டம் எஃகுதான், ஆகையால் முழுத் தள்ளிக்கும் துருப்பயம் தீர்ந்ததாகாது. சரளைப் பாதையில் ஓட்டுவோர் தகட்டைத் தரைக்குச் சற்று மேலே தூக்கி நிறுத்தும் அடிக்கட்டைகளைப் பொருத்திக்கொள்ள வேண்டும். அவை இல்லாவிட்டால் வசந்தத்தில் புல்தரையிலிருந்து சரளையைப் பொறுக்க வேண்டியிருக்கும்.

கராஜ் கதவுக்கு முன்னால் தள்ள இடமில்லை. தகட்டை இறக்கிப் பின்னோக்கி இழுக்க வேண்டும். சாதாரணத் தள்ளி தன் எடையால் மட்டுமே தரையை அழுத்தும், எனவே இறுகிய பனிமேல் வழுக்கிப் போகும். ஹைட்ராலிக் விசையால் கீழ்நோக்கியும் அழுத்தும் வகை சில மாடல்களில் உண்டு. இழுக்கும் வேலை அதிகமுள்ளவர்களுக்கு அந்தக் கூடுதல் விலை தகும். தகட்டை இயக்கும் ஹைட்ராலிக் பம்ப் இழுக்கும் மின்சாரம் மிகுதி என்பதால் பழைய பேட்டரியை முதலிலேயே மாற்றிவிடுவது மேல். தூக்கிய தகடு டிரக்கின் முகப்பு விளக்கை மறைக்கும். அதனால் தள்ளியோடு தனி விளக்குகள் வரும். அதே தகடு ரேடியேட்டருக்குப் போகும் காற்றையும் தடுக்கும். தூரப் பயணத்தில் எஞ்சின் சூடேறினால் தகட்டைச் சாய்த்து அல்லது சற்றுத் தாழ்த்தி ஓட்டுவது வழக்கம்.

தள்ளிய பனி எங்கே போகிறது என்பதிலும் சட்டம் உண்டு. தமிழர்கள் திரளாக வாழும் ஒன்டாரியோவில், அனுமதியின்றிப் பனியைப் பொதுச் சாலையில் கொட்டுவதை நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம் தடை செய்கிறது.

பழைய தள்ளி பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனால் டிரக்கின் சட்டத்தோடு இணைக்கும் தாங்கிகளும் மின்கம்பித் தொகுப்பும் மாடலுக்கு மாடல் வேறு. அவற்றைத் தனியாக வாங்கும் செலவைக் கூட்டிப் பார்த்தால் ஆதாயம் பல நேரம் கரைந்துபோகும். ஹைட்ராலிக் குழாய் வெடிப்பது புயல் நடுவில்தான். ஆகவே இரண்டு தள்ளிகள் ஏறக்குறைய சமமாகத் தெரிந்தால், எதன் உதிரிபாகத்தை அடுக்கி வைத்திருக்கும் கடை பக்கத்தில் இருக்கிறதோ அதையே வாங்கலாம்.