நான்கு ஸ்க்ரூக்கள்

1970-இல் நாஷ்வில் நகரத்தில் ஷோ-பட் என்ற கடைக்குள் இங்கிலாந்தின் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் போனபோது, 1950களில் செய்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதார்கள் அங்கே சீந்துவாரில்லாமல் கிடந்தன. ஒன்று ஏறக்குறைய 100 டாலர். 1954-இல் அந்த மாடல் புதிதாக வந்தபோது அதன் விலை 249 டாலர் 50 சென்ட். கிளாப்டன் அரை டஜன் வாங்கினார். சக இசைக்கலைஞர்களான ஜார்ஜ் ஹாரிசன், பீட் டவுன்ஷெண்ட், ஸ்டீவ் வின்வுட் மூவருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். மீதி மூன்றையும் கழற்றி, எதில் எது நன்றாக இருந்ததோ அதை எடுத்துச் சேர்த்ததில் ஒரு கறுப்பு கிதார் பிறந்தது. பெயர் பிளாக்கி.

அன்று அவை அவ்வளவு மலிவாகப் போனதில் கிளாப்டனுக்கே பங்குண்டு. 1966-இல் ஜான் மேயலோடு அவர் வெளியிட்ட ஆல்பத்தில் வாசித்தது கிப்சன் கம்பெனியின் லெஸ் பால் கிதார். அதைக் கேட்ட இளைஞர்கள் லெஸ் பாலைத் தேடி ஓடினார்கள். 1958 முதல் 1960 வரை வந்த அந்த சன்பர்ஸ்ட் லெஸ் பால்கள் மொத்தமே இரண்டாயிரத்துக்கும் குறைவு. அவற்றின் விலை ஏறியதில் புதிர் ஒன்றுமில்லை. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கதை நேர்மாறு. 1954-இல் தொடங்கிய உற்பத்தி இன்றுவரை நிற்கவில்லை. பழைய கிதார் விற்கும் எந்த ஊர்க் கடைக்குப் போனாலும் ஒன்றாவது தொங்கும். இவ்வளவு மலிந்து கிடக்கும் பொருள் விலை மட்டும் ஏன் சரியாமல் நிற்கிறது?

விடை, அதைச் செய்தவரின் பழைய தொழிலில் இருக்கிறது. லியோ ஃபெண்டருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். பழுதாகாத பொருள் என்று ஒன்று இல்லை என்பது அவருக்கு அனுபவப் பாடம். ஆகவே பழுதானால் எளிதில் பிரிக்க முடிய வேண்டும் என்பதையே முதல் விதியாக வைத்தார். மற்ற கம்பெனிகள் கிதாரின் நெக்கை உடலோடு பசை போட்டு ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில், அவர் நான்கு ஸ்க்ரூக்களால் பூட்டினார். நெக்கில் பதித்த ஃப்ரெட் என்ற உலோகக் கம்பிகள் தேய்ந்து போனால் நெக்கையே மாற்றிக்கொள்ளலாம். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் மூன்று பிக்கப்புகளும் வால்யூம், டோன் குமிழ்களும் ஒரே பிளாஸ்டிக் தட்டில் இருக்கும். தட்டைக் கழற்றினால் வயரிங் ஏறக்குறைய முழுவதும் கையோடு வந்துவிடும். ஐம்பது வருடப் பழைய கிதாருக்கும் இன்று உதிரிபாகம் கிடைக்கிறது, அதைப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைக்கிறார். வாங்குகிறவனுக்கு இதைவிடப் பெரிய உத்தரவாதம் வேண்டியதில்லை.

1965 ஜனவரியில் அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் 1.3 கோடி டாலருக்கு ஃபெண்டரை வாங்கியது. உற்பத்தி பெருகியது, வேலைப்பாட்டின் தரம் இறங்கியது என்று வாசிப்பவர்கள் முணுமுணுத்தார்கள். 1971-இல் நான்கு ஸ்க்ரூக்கள் மூன்றாகின. ‘சிபிஎஸ்ஸுக்கு முந்தையது’ என்பது பழைய கிதார் வியாபாரத்தில் ஒரு தர முத்திரையானது. புதியதைவிடப் பழையது மேல் என்ற நினைப்பு வாசிப்பவர்கள் மத்தியில் இப்படித்தான் வேரூன்றியது. 1985-இல் ஃபெண்டரின் நிர்வாகிகளே கம்பெனியை சிபிஎஸ்ஸிடமிருந்து மீட்டார்கள். அதற்குள் ஜப்பானில் உற்பத்தி தொடங்கியிருந்தது. பிறகு மெக்சிகோவின் என்செனடாவிலும் தொழிற்சாலை வந்தது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையின் பிறந்தநாள் பரிசாகும் விலைக்கு இறங்கியது.

செகண்ட் ஹேண்ட் சந்தையின் வெள்ளம் அந்தப் பிள்ளைகளின் அறைகளிலிருந்துதான் புறப்படுகிறது. முதன்முதலாகக் கிதார் வாங்குகிறவர்களில் 90 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் விட்டுவிடுகிறார்கள் என்று ஃபெண்டரின் தலைவராக இருந்த ஆண்டி மூனியே வெளிப்படையாகச் சொன்னார். எஃகுத் தந்தி விரல் நுனியை அறுக்கும். ஒரே விரலால் தந்திகளை அழுத்தும் பார் கார்டு பிடிக்க வராது. கிதார் கட்டிலுக்கு அடியில் போகும். வாசித்துத் தேயாத அந்தக் கிதார்கள் ஒருநாள் விற்பனைக்கு வருகின்றன. கடையை விட்டு வெளியே வந்ததும் முதல் சரிவு. அதன்பின் பத்து வருடம் ஆனாலும் விலை பெரிதாக இறங்குவதில்லை. ஏராளமாக இருப்பதால்தான் அதன் விலை எல்லோருக்கும் தெரியும். விலை தெரிந்த பொருளை வாங்க எவரும் தயங்குவதில்லை. அபூர்வப் பொருளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. 2008 நெருக்கடியில் முதலீடாக வாங்கிக் குவித்த அபூர்வக் கிதார்கள் பல படுவேகமாக விலை இழந்தன. புதிதாகக் கற்க வருகிறவர்கள், செகண்ட் ஹேண்ட் ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்றை வாங்கத் தயங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். பிடிக்காவிட்டால் ஏறக்குறைய அதே விலைக்குக் கைமாற்றிவிடலாம்.

ஆனால் பழங்கிதார் சேகரிப்பாளர்களின் கணக்கு வேறு. எதையும் மாற்றாத, வண்ணம் கூடப் புதிதாகப் பூசாத கிதாருக்குத்தான் அவர்கள் முழு விலை தருவார்கள். மாற்றுவதற்கென்றே செய்த ஒரு பொருளுக்கு இப்படியொரு நிபந்தனை எனக்கு ஏற்புடையதாக இல்லை. அந்தக் கணக்கில் பார்த்தால் மூன்று கிதார்களின் உறுப்புகளைச் சேர்த்துச் செய்த பிளாக்கிக்கு அடிமாட்டு விலைதான் கிடைத்திருக்க வேண்டும். 1973 ஜனவரியில் லண்டன் ரெயின்போ அரங்கில் மேடையேறிய அது, பத்து வருடங்களுக்கு மேல் கிளாப்டன் கையிலேயே இருந்தது. 1980களின் நடுவில் நெக் மிகவும் தேய்ந்துவிட்டது. நான்கு ஸ்க்ரூக்களைக் கழற்றி வேறு நெக்கை மாட்டியிருக்கலாம், அவர் மாட்டவில்லை. பிளாக்கிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, அந்த நெக்கின் வடிவத்தைப் பின்பற்றிப் புதியதொரு மாடல் செய்யச் சொன்னார். 1988-இல் அது அவர் பெயரிலேயே விற்பனைக்கு வந்தது.

2004 ஜூனில், ஆன்டிகுவா தீவில் தாம் நிறுவிய போதை மறுவாழ்வு மையத்துக்கு நிதி திரட்ட, நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் பிளாக்கியை விற்றார் கிளாப்டன். போன விலை 9,59,500 டாலர். வாங்கியது கிதார் சென்டர் என்ற அமெரிக்கக் கடைச் சங்கிலி. இரண்டு வருடம் கழித்து ஃபெண்டர் அதற்கு 275 நகல்கள் செய்தது. ஒவ்வொன்றிலும் கீறல்களையும் தலைப்பகுதியின் சிகரெட் கருகலையும் அப்படியே பதித்திருந்தார்கள். நகல் ஒன்று 24,000 டாலர். 100 டாலர் கிதார்களின் உறுப்புகளால் ஆன ஒன்றின் நகல்கள் அவை. பழசாகவே பிறந்த அவையும் இப்போது செகண்ட் ஹேண்ட் சந்தையில் கைமாறிக்கொண்டிருக்கின்றன.